சாவி இல்லாத பழைய எழுதுமேசையைத் திறப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவி தொலைந்த பழைய மேசை கைக்கு வந்ததும், டிராயரின் மேல் இடுக்கில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பத்தான் எல்லோருக்கும் கை போகும். அப்படி நெம்பப்பட்ட மேசையைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். மேல்சட்டத்தின் நடுவில் பிறை போல மரம் சில்லுப் பெயர்ந்திருக்கும், வெனீர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத் தகடு) கிழிந்திருக்கும், பூட்டின் நாக்கு நுழையும் குழி பிளந்திருக்கும். பூட்டு கெட்டால் சரிசெய்யலாம், அதே அளவில் வேறொன்றும் தேடிப் பிடிக்கலாம். நூறு வருடம் நிறம் பழுத்த முகப்புப் பலகைக்கு மாற்று கிடையாது. அதனால் இங்கே சொல்லும் வழிகள் ஒரு வரிசையில் போகின்றன: எதையும் கழற்றாத வழி, பின்பக்கத்திலிருந்து போகும் வழி, பூட்டுக்குள் கம்பி விடும் வழி, கடைசியில் நாக்கை அறுக்கும் வழி. மேசை உங்களுடையது, அல்லது உடையவர் சம்மதித்திருக்கிறார் என்ற கணக்கில் எழுதியிருக்கிறோம்.

உண்மையிலேயே பூட்டியிருக்கிறதா, வெறுமனே சிக்கியிருக்கிறதா?

முதலில் பார்க்க வேண்டியது இதுதான். தபால் அட்டை கனமுள்ள காகிதத்தை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, டிராயருக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் செருகுங்கள். இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை மெதுவாக நகர்த்துங்கள். சாவித்துளைக்கு நேர் மேலே அட்டை முட்டி நின்று, அதைத் தாண்டியதும் மறுபடி நகர்ந்தால் அங்கே நாக்கு மேலே ஏறி நிற்கிறது, பூட்டியிருக்கிறது என்று பொருள். எங்குமே முட்டவில்லை என்றால் பூட்டு திறந்தே இருக்கிறது. மரம் ஊதியிருக்கலாம், அல்லது உள்ளே ஏதோ காகிதமோ பெட்டியோ நிமிர்ந்து சிக்கியிருக்கலாம்.

கைக்கும் வித்தியாசம் தெரியும். பூட்டிய டிராயர் 1 அல்லது 2 மில்லிமீட்டர் முன்னே வந்து, இரும்பில் இடிப்பது போல 'டக்'கென்று நிற்கும். ஊதிய டிராயர் அசையவே அசையாது, அல்லது ஒரு பக்கம் மட்டும் நகரும்.

ஊதிய மரத்துக்கு அவசரம் ஆகாது. ஈரமில்லாத, காற்றோட்டமான அறையில் ஒன்றிரண்டு வாரம் வையுங்கள். பிறகு இடது, வலது என்று மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இழுங்கள். சூடான காற்றை ஊதிக் காயவைப்பது தவறு. பழைய மேசைகளை ஒட்டியிருப்பது விலங்குத் தோல், எலும்பு காய்ச்சிய வச்சிரம். சூடு பட்டால் அது இளகி வெனீர் குமிழ் விட்டு எழும்பும். உள்ளே சிக்கியது காகிதம் என்றால் மேல் இடுக்கு வழியே மெல்லிய எஃகு அளவுகோலை விட்டு அதைக் கீழே அழுத்திக்கொண்டு இழுத்தால் வந்துவிடும்.

சாவியை எங்கெல்லாம் தேடுவது?

திறக்கும் மற்ற டிராயர்கள் எல்லாவற்றையும் முழுதாக வெளியே எடுத்து, அவற்றின் அடிப்பக்கம், பின்பலகையின் வெளிப்பக்கம், மேசைக் கூட்டுக்குள்ளே தெரியும் குறுக்குச் சட்டங்களின் மேல்பக்கம் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆணியில் தொங்கவிட்டோ, நூலில் கட்டியோ வைத்திருப்பார்கள். டிராயர் ஓடும் பாதையின் பின்கோடியில் தூசிக்குள் விழுந்து கிடப்பதும் உண்டு.

அந்த மேசையின் வேறு எந்த டிராயர் சாவி இருந்தாலும் போட்டுப் பாருங்கள். ஒரே மேசையின் எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி இருப்பது மிகவும் சாதாரணம். அதே காலத்து அலமாரி, பெட்டிச் சாவிகளும் பல சமயம் பொருந்தும், ஏனென்றால் எளிய பூட்டுகளில் சாவிக்குச் சாவி வித்தியாசம் குறைவு. ஒன்று மட்டும் கவனம். சாவி தானாக நுழைய வேண்டும், இரண்டு விரல் பலத்தில் திரும்ப வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் சாவி உள்ளேயே முறிந்துவிடும்.

என்ன வகைப் பூட்டு என்று வெளியிலிருந்தே தெரியுமா?

ஓரளவு தெரியும். சாவித்துளைக்குள் டார்ச் அடியுங்கள். நடுவில் ஒரு சிறு முளை நின்றால் அது குழல் சாவிப் பூட்டு. சாவியின் தண்டு உள்ளே துளையுள்ளதாக இருந்து அந்த முளையின் மேல் போய் உட்காரும். டிராயர் பூட்டுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

உள் அமைப்பு இரண்டு விதம். வார்டு பூட்டில் தப்பான சாவியைத் தடுக்கச் சில தகட்டு வளையங்கள் மட்டுமே இருக்கும். அவற்றை ஒதுக்கிப் போகும் எந்தக் கம்பியும் நாக்கை நகர்த்திவிடும். லீவர் பூட்டில் ஸ்பிரிங் வைத்த தகடுகள் நாக்கைப் பிடித்திருக்கும். ஒவ்வொரு தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும், கூடத் தூக்கினாலும் நகராது. ராபர்ட் பேரன் 1778-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அதே மேசையில் திறக்கும் வேறு டிராயர் இருந்து, அதன் பூட்டின் மேல்விளிம்பிலோ முகத்திலோ லீவர் எண்ணிக்கையைப் பொறித்திருந்தால், அதைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ஒரு லீவர் என்றால் பொறுமை உள்ள எவரும் முயலலாம். நான்கு என்றால் பின்பக்க வழியே மேல்.

கிரீடமும் 'வி ஆர்' எழுத்துகளும் பொறித்திருந்தால் அது விக்டோரியா அரசியின் காலம், அதாவது 1837 முதல் 1901 வரை. பூட்டின் வயதை அறிய உதவும், திறக்க உதவாது.

பக்கத்து டிராயர்களில் சாவித்துளையே இல்லை. ஆனாலும் திறக்க மாட்டேன் என்கிறதே?

அவை நடு டிராயரோடு பிணைக்கப்பட்டிருக்கும். பல எழுதுமேசைகளில் நடு டிராயர் முழுதாக உள்ளே போகும்போது அதன் பின்பக்கம் ஒரு நெம்புச் சட்டத்தை இடிக்கும், அது பக்கத்து அடுக்குகளின் பின்னால் நிற்கும் கம்பியை நகர்த்தி எல்லா டிராயரையும் பிடித்துக்கொள்ளும். நடு டிராயரை 5 சென்டிமீட்டர் வெளியே இழுத்துவிட்டுப் பக்கத்து டிராயர்களை முயலுங்கள். நடு டிராயர் திறந்தும் அவை வரவில்லை என்றால் கம்பி இறுகியிருக்கிறது. நடு டிராயரைக் கழற்றி, அந்த இடத்துக்குள் கையை விட்டு நெம்புச் சட்டத்தை மேலும் கீழும் ஆட்டினால் விடுபடும்.

பின்பக்கமாகப் போய்த் திறப்பது எப்படி?

எங்கள் கருத்தில் மிகச் சிறந்த வழி இது. முகப்பில் ஒரு கீறல்கூட விழாது, பூட்டும் முழுதாகக் கைக்கு வரும். இதன் அடிப்படை ஒன்றுதான்: டிராயர் பூட்டு முகப்புப் பலகையின் உள்பக்கத்தில் குடைந்து பதித்து, பெரும்பாலும் 4 ஸ்க்ரூவால் பிடிக்கப்பட்டிருக்கும். அந்த ஸ்க்ரூக்களை உள்ளிருந்து எட்டிவிட்டால் போதும்.

மேலே ஒரு டிராயர் இருந்து அது திறந்தால் அதை எடுத்துவிட்டுக் கீழே பாருங்கள். இரண்டுக்கும் நடுவே தடுப்புப் பலகை இல்லையென்றால் கீழ் டிராயரின் உள்பக்கம் அப்படியே தெரியும். மேலிருந்தே கையை விட்டு ஸ்க்ரூவைக் கழற்றலாம்.

தடுப்புப் பலகை இருந்தால் மேசையைச் சுவரிலிருந்து விலக்கி, பின்பலகையைக் கழற்றுங்கள். ஆணி அடித்த பலகை என்றால் உள்ளிருந்து, ஆணிக்குப் பக்கத்தில், துணி சுற்றிய மரக்கட்டையை வைத்துத் தட்டிக் கொஞ்சம் வெளியே தள்ளுங்கள். பிறகு பலகையை மறுபடி உள்ளே அழுத்தினால் ஆணித் தலை மட்டும் துருத்தி நிற்கும், குறடால் பிடித்து எடுக்கலாம். எடுத்த ஆணிகளை வரிசை மாறாமல் ஓர் அட்டையில் குத்திவையுங்கள். அதே ஆணி அதே துளைக்குத் திரும்பினால்தான் பலகை ஆடாமல் நிற்கும்.

இப்போது பூட்டிய டிராயரின் பின்பக்கம் தெரியும். அதன் அடிப்பலகை பக்கச் சட்டங்களில் வெட்டிய காடியில் செருகப்பட்டு, பின்பலகையின் அடியில் ஒன்றிரண்டு ஆணியோ ஸ்க்ரூவோ போட்டு நிறுத்தப்பட்டிருக்கும். அதைக் கழற்றி, அடிப்பலகையைப் பின்பக்கமாக நேராக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். காடியில் இறுகியிருந்தால் இரண்டு ஓரத்தையும் மாறி மாறித் தட்டுங்கள். அடியில் சிறு சிறு மரக்கட்டைகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தால் பலகை நகராது. அப்போது இந்த வழியை விட்டுவிடுங்கள், பலத்தைக் காட்டினால் பலகை பிளக்கும்.

அடிப்பலகை வந்துவிட்டால் உள்ளே இருக்கும் பொருளும் உங்கள் கைக்கு வந்துவிடும். அதை எடுத்தபின், பின்பலகைக்கு அடியில் கையை விட்டால் நேரே பூட்டுதான். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் முதலில் போனை உள்ளே நீட்டி ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுங்கள். ஸ்க்ரூ எத்தனை, தலை எந்தத் திசையில் என்று பார்த்துக்கொண்டு, 4 சென்டிமீட்டருக்கு மிகாத குட்டை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றுங்கள்.

கடைசி ஸ்க்ரூ வந்தபிறகும் பூட்டு கீழே விழாது, மேல்சட்டத்துக் குழியில் நாக்கைக் கோத்துத் தொங்கும். அதை இழுக்க வேண்டாம். முன்பக்கம் வந்து டிராயரை மெல்ல இழுங்கள். முகப்புப் பலகை பூட்டை விட்டு விலகி முன்னே வரும், பூட்டு பின்தங்கி உள்ளே விழும். விழும் இடத்தில் ஒரு துணியைப் போட்டுவையுங்கள்.

இது செல்லாத ஒரு வகை உண்டு. முகப்புப் பலகையின் மேல்விளிம்பிலிருந்து குழி வெட்டி உள்ளே இறக்கிய பூட்டுக்கு ஸ்க்ரூவும் மேல்விளிம்பில்தான் இருக்கும். உள்பக்கத்தில் தகடே தெரியாவிட்டால் அந்த வகை.

பழைய ஸ்க்ரூ அசைய மறுக்கிறது.

பழைய ஸ்க்ரூவின் தலைப் பிளவு குறுகலாக இருக்கும். இன்றைய ஸ்க்ரூ டிரைவர் முழுதாக உட்காராமல் நழுவி, தலையைத் தின்றுவிடும். நுனியை அரத்தால் தேய்த்து, பிளவின் அகலம் முழுவதும் அடைக்கும்படி செய்துகொள்ளுங்கள். முதலில் இறுக்கும் திசையில் ஒரு நூல் அளவு திருப்பிவிட்டு, பிறகு தளர்த்துங்கள். அதற்கும் மசியாவிட்டால் சால்டரிங் அயர்ன் நுனியை ஸ்க்ரூ தலையில் ஒரு நிமிடம் வைத்து, ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். சூட்டில் விரிந்து சுருங்கும்போது துருவின் பிடி விடும்.

சாய்வு மூடி வைத்த மேசைக்கு?

இதில் பூட்டு மூடியின் உள்பக்கத்தில், மேல்விளிம்பை ஒட்டி இருக்கும். கீல்கள் கீழே. மூடியிருக்கும்போது கீலின் ஸ்க்ரூ எதுவும் வெளியே தெரியாது, அதனால் கீலைக் கழற்றும் யோசனை வேண்டாம். பின்பலகையைக் கழற்றினால், கடித அறைகளுக்குத் தனியாகப் பின்பக்கம் இல்லாத மேசைகளில் நேராக உள்ளே பார்க்கலாம். ஓர் அறையின் வழியாக நீளமான ஸ்க்ரூ டிரைவரை விட்டுப் பூட்டைக் கழற்றலாம். சில மேசைகளில் கடித அறைகள் மொத்தமும் தனிக் கூடாகச் செய்து உள்ளே செருகப்பட்டிருக்கும். அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவை எடுத்தால் கூடு முழுதாக நகரும்.

தொடங்கும் முன், மூடியைத் தாங்கும் இரண்டு பக்கச் சட்டங்களையும் வெளியே இழுத்துவிடுங்கள், இன்னொருவர் மூடியைப் பிடித்துக்கொள்ளட்டும். பூட்டு விட்ட நொடியில் மூடி சாய்ந்தால், தாங்க ஆளில்லாத கீல் மரத்தோடு பிய்ந்து வரும்.

சுருள் மூடி மேசைக்கு?

மெல்லிய மரப்பட்டிகளைக் கித்தான் துணியில் ஒட்டிச் செய்த மூடி அது. அதை நெம்பினால் துணி கிழியும். ஒவ்வொரு பட்டியாகப் பிரித்து மறுபடி ஒட்டுவது பெரிய வேலை. நல்லவேளையாக, இந்த மேசைகளின் பின்பலகை பெரும்பாலும் கழற்றக்கூடியது.

டிராயர்களும் பூட்டிக்கொண்டிருந்தால் தனித்தனியாக முயல வேண்டாம். சுருள் மூடி இறங்கும்போது டிராயர்கள் பூட்டிக்கொள்ளும்படிதான் பலவற்றில் அமைத்திருக்கிறார்கள். மேசையின் முன்பக்கத்தை இருவர் சற்றுத் தூக்கிப் பிடிக்க, அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். டிராயர் அடுக்கின் பின்னால் செங்குத்தாக ஒரு சட்டமோ கம்பியோ தெரிந்தால், அதன் கீழ்முனையை மேலே தள்ளுங்கள். பல மேசைகளில் அந்த அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் விடுபடும்.

கம்பி விட்டுத் திறப்பது எப்படி?

தேவையானது 1.5 முதல் 2 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி. காகிதம் செருகும் கிளிப் கம்பி மென்மையானது, பூட்டின் ஸ்பிரிங்கை அது தூக்காது, உள்ளே வளைந்து மாட்டிக்கொள்ளும். கம்பியின் நுனியில் 4 அல்லது 5 மில்லிமீட்டரைச் செங்கோணமாக மடித்து, மடித்த பகுதியைச் சுத்தியலால் தட்டிச் சற்றுத் தட்டையாக்குங்கள். சாவித்துளையைச் சுற்றி மறைப்பு டேப் ஒட்டுங்கள், மெருகில் கீறல் விழாமல் இருக்கும்.

அதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. பலர் தோற்பது கம்பியினால் அல்ல, டிராயரை இழுத்துப் பிடித்துக்கொண்டே முயல்வதால். இழுத்தால் நாக்கு குழியின் சுவரில் அழுந்தும், அழுந்திய நாக்கு நகராது. டிராயரை உள்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு முயலுங்கள்.

கம்பியை முளையின் ஓரமாகப் பின்தகடு முட்டும்வரை விட்டு, பிறகு 1 மில்லிமீட்டர் வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். அகப்படவில்லை என்றால் இன்னொரு மில்லிமீட்டர். எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்பது பூட்டுக்குப் பூட்டு மாறும், இரண்டு பக்கமும் முயல வேண்டும். நுனி நாக்கின் வெட்டில் உட்கார்ந்ததும் கையில் ஒரு கனம் தெரியும். வார்டு பூட்டு என்றால் அங்கிருந்து ஒரே திருப்பில் நாக்கு இறங்கிவிடும்.

கனம் தெரிந்தும் நகரவில்லை என்றால் லீவர் பிடித்திருக்கிறது. இரண்டாவது கம்பி வேண்டும். முதல் கம்பியால் நாக்கை இறங்கும் திசையில் மிக லேசாக அழுத்தி வையுங்கள். இரண்டாவதால் லீவரைத் தேடித் தூக்குங்கள். ஸ்பிரிங்கின் மெத்தென்ற எதிர்ப்பை வைத்து லீவரை அடையாளம் காணலாம். சரியான உயரம் வந்ததும் ஒரு சின்ன 'டிக்', முதல் கம்பி மயிரிழை நகரும். தூக்கியது அதிகமாகிவிட்டால் எதிர்ப்பு மட்டும் தெரியும், நகர்வு இராது. எல்லாவற்றையும் தளர்த்தி மறுபடி தொடங்குங்கள். முதல் கம்பியில் அழுத்தம் கூடினால் லீவர் இறுகிப்போய் எதுவும் புரியாது. விரல் வலிக்கிறது என்றால் அழுத்தம் அதிகம்.

எண்ணெய் விடலாமா?

தெளிக்கக் கூடாது. சாவித்துளை வழியே போன எண்ணெய் மரத்தில் ஊறிச் சுற்றிலும் கறுப்பு வட்டம் போடும், அது போகவே போகாது. கிராஃபைட் பொடியை ஊதிவிடுங்கள். துரு என்று உறுதியாகத் தெரிந்தால் ஊசிக் குழலால் ஒரே ஒரு துளி மெல்லிய எண்ணெய். சாராய வகை ஸ்பிரிட்டால் துடைக்காதீர்கள். பழைய மேசைகளின் மெருகு பெரும்பாலும் அரக்கில் செய்தது, ஸ்பிரிட்டில் அது கரையும்.

சாவி உள்ளே முறிந்துவிட்டது.

முறிந்த துண்டு எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். சாவி நுழையும் நிலையில் பல் நேராக இருந்தால்தான் துண்டு வெளியே வரும். பாதி திரும்பிய நிலையில் இருந்தால் முதலில் மெல்லிய கம்பியால் பல்லைத் தள்ளி நேராக்குங்கள். குழல் சாவி என்றால் துண்டு முளையின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். நுனி கொக்கியான கம்பியைப் பல்லுக்குப் பின்னால் விட்டு நேராக இழுக்க வேண்டும். பசை தடவிய குச்சியை விடுவது ஆபத்து, துண்டோடு பூட்டும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

மேல்சட்டத்தை ஆப்பு வைத்துத் தூக்கினால்?

நாக்கு குழிக்குள் 3 மில்லிமீட்டர் மட்டுமே ஏறியிருந்து, சட்டம் நீளமாகவும் மெல்லியதாகவும் இருந்தால் வேலை செய்யும். மற்றபடி வேண்டாம். செய்வதென்றால் இரும்பு கூடாது. கடின மரத்தில் மிகச் சரிவான இரண்டு ஆப்புகள், மேலும் கீழும் அட்டை, நாக்கின் இரு பக்கமும் ஒரு சாண் தள்ளி வைத்துச் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். மரம் 'கிர்'ரென்று சத்தம் கொடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எல்லாம் முயன்றாகிவிட்டது. அறுக்கலாமா, துளையிடலாமா?

முகப்பில் துளையிடாதீர்கள். அறுப்பதென்றால் நாக்கை மட்டும். மேல் இடுக்கு 1 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும், இரும்பறுக்கும் ரம்பத் தகடு சுமார் 0.6 மில்லிமீட்டர் கனம் இருக்கும், பல் சற்று விரிந்திருக்கும். சட்டம் இல்லாத வெறும் தகட்டை எடுத்து, மரத்தில் படும் பகுதிகளில் டேப் சுற்றி, நாக்கில் படும் 3 சென்டிமீட்டரை மட்டும் திறந்து விடுங்கள். நாக்கின் அகலத்துக்கு மேல் ஆட்டாமல் சின்னச் சின்ன இழுப்பாக அறுங்கள். பித்தளை நாக்கு சீக்கிரம் அறும், இரும்பு நேரமெடுக்கும். குழிக்குள் நிற்கும் வெட்டுத்துண்டை எறியாமல் எடுத்துவைத்தால் பூட்டு வேலை தெரிந்தவர் அதை மறுபடி பற்றவைத்துத் தருவார்.

வட்டமான சாவித்துளை, பக்கத்தில் ஒரு சிறு வெட்டு. இது என்ன?

பெரும்பாலும் பிராமா வகை. ஜோசஃப் பிராமா 1784-ல் காப்புரிமை பெற்றது. நுனியில் நீளவாக்கில் வெட்டுகள் உள்ள சிறு குழாய் போன்ற சாவி. பிராமாவின் நிறுவனம் தன் கடை ஜன்னலில் வைத்திருந்த சவால் பூட்டை 1851-ல் அமெரிக்கப் பூட்டு வல்லுநர் ஏ. சி. ஹாப்ஸ் திறந்தார். அதற்கு 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம் பிடித்தது, அவரோ அந்தத் தொழிலில் தலைசிறந்தவர். கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்க வழியைப் பாருங்கள், அல்லது பழைய பூட்டுகள் அறிந்தவரை அழையுங்கள்.

பூட்டு கைக்கு வந்துவிட்டது. புதுச் சாவி செய்ய முடியுமா?

முடியும். முளையின் விட்டத்தை வெர்னியரில் அளந்து, உள்துளை அதில் ஆடாமல் உட்காரும் வெட்டாத சாவியை வாங்குங்கள். பல்லின் உயரம் சாவித்துளையை விடப் பெரிதாக இருந்தால் நுழையும்வரை அரத்தால் தேய்க்கவும்.

வார்டு பூட்டுக்குப் புகை முறை போதும். சாவியின் பல்லை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி நன்றாகக் கரி படியவிட்டு, ஆறியதும் பூட்டில் விட்டு லேசாகத் திருப்புங்கள். வெளியே எடுத்தால் தடுப்பு வளையம் உரசிய இடத்தில் மட்டும் கரி போய் உலோகம் பளிச்சென்று கோடாகத் தெரியும். அந்தக் கோட்டில் மட்டும் ஊசி அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி கரி, மறுபடி திருப்பல். சாவி முழுச் சுற்று வரும்வரை இதே வேலை. ஒரேயடியாக ஆழமாக அராவினால் நாக்கைத் தள்ள வேண்டிய பல்லும் போய்விடும், பிறகு புதுச் சாவிதான்.

லீவர் பூட்டுக்கு மூடித்தகட்டைத் திறந்து, ஒவ்வொரு லீவரும் எவ்வளவு உயர வேண்டும் என்று கண்ணால் பார்த்தே அராவ வேண்டும். தகட்டைத் திறக்கும்போது லீவர் ஸ்பிரிங் துள்ளி ஓடும். பூட்டை ஒரு தட்டுக்குள் வைத்துத் திறந்து, லீவர்கள் இருந்த வரிசையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பப் பொருத்தும்போது என்ன கவனிக்க வேண்டும்?

டிராயரைத் திறந்து வைத்தே பூட்டிப் பூட்டித் திறங்கள், பத்து முறையாவது. பத்து முறையும் நாக்கு முழுதாக இறங்கிய பிறகே டிராயரை உள்ளே தள்ளுங்கள். மூடிய பின் முதல் தடவை பூட்டும்போது பின்பலகையை இன்னும் அடிக்காமல் விட்டுவையுங்கள். நாக்கு குழியின் விளிம்பில் உரசினால் குழியைத்தான் ஓர் உளி இழுப்பு அகலமாக்க வேண்டும், நாக்கை அராவக் கூடாது. சாவி சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்ததும் அதே அளவில் இரண்டாவது சாவி ஒன்று வெட்டி, மேசைக்கு வெளியே வையுங்கள்.